நோயளவே சிகிச்சை

விழா மலர்கள் பெரும்பாலும் பழம்பெருமை பேசுவன. கட்டடங்கள் எழுந்த வரலாற்றையும், அதிபர்கள் ஆற்றிய தொண்டினையும், விளையாட்டரங்கில் ஈட்டிய வெற்றிகளையும் எழுதுதற்கு எம்மினுந் தகுதியுடையார் இம்மலரிலேயே பலர் உளர். யாம் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. அரை நூற்றாண்டின் முன் இக்கல்லூரி வாங்குகளில் இருந்து பாடங் கேட்ட மாணவர் இன்று அறுபதையும் எழுபதையும் கடந்த பெரியோர். அவ்வயதினரான ஆடவரை நாடி வரும் நோய் ஒன்றுண்டு. அதனைப் பற்றிப் பேச நாணுகின்றோம். நாணத்தாற் பேசாது விடுகின்றோம். பேசாமையால் அறியாது விடுகின்றோம். அந்நோய், முன்னிற்குஞ் சுரப்பியில் உண்டாகும் புற்றுநோய். அது தொடக்க நிலையிற் கண்டறியப்படுமாயின், சுரப்பி முழுவதையும் அகற்றாது, படத்தின் துணைகொண்டு நோயுற்ற பகுதியை மட்டும் அழிக்கும் புதிய முறைகள் இன்று சில நாடுகளில் வழங்குகின்றன. அவற்றை எவ்வளவில் வரவேற்கலாம், எவ்வளவில் ஐயுறலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

"தமிழாசிரியருக்கு இதில் என்ன அலுவல்?" என வினவுவார் இருப்பர். வினா நேரியதே. கத்தி பிடிக்கும் அறிவு எமக்கில்லை. ஆயினும் இந்நோய் வந்தவிடத்து முதலில் வேண்டப்படுவது கத்தியன்று, சொல். பல வழிகளுள் ஒன்றைத் தேருமாறு மருத்துவர் நோயாளியைக் கேட்கும் நோய்கள் சில. அவற்றுள் இது தலையாயது. தேர்தற்கு விளங்கவேண்டும், விளங்குதற்குத் தன் மொழியிற் சொல் வேண்டும். சொல் வழங்குதல் ஆசிரியன் தொழிலேயாம்.

பெயரிலிருந்தே தொடங்குவோம். ஆங்கிலத்தார் புரொஸ்டேட் என்பது கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. முன்னே நிற்பவன் என்பது அதன் பொருள். முன்னிற்குஞ் சுரப்பி என்னும் எமது பெயர் அப்பொருளை அப்படியே தாங்கி நிற்கின்றது. இச்சுரப்பி ஆடவர்க்கு மட்டுமே உரியது. சலப்பையின் கீழே, சலம் வெளியேறுங் குழாயைச் சூழ்ந்து, இளமையில் ஏறத்தாழ 20 கிராம் நிறையுடையதாய் இருப்பது. அதன் மேலே சலப்பை; பின்னே மலக்குடல்; கீழே சலத்தை அடக்குந் தசை; இரு மருங்கிலும் இல்லற வன்மைக்குரிய நுண்ணிய நரம்புகள். நெருக்கமான ஒழுங்கையில் நாற்புறமும் அயலவர் மதிலோடு ஒட்டி நிற்கும் வீடு போன்றது அது. அவ்வீட்டை இடிக்கப் புகுவோர் எத்துணைக் கவனமுடையராயினும் அயல் மதிலிலும் ஓரிரு கல் விழுதல் உண்டு. இந்நோய்க்குரிய சிகிச்சையின் இடர்ப்பாடு முழுவதும் இவ்வொரு செய்தியில் அடங்கும்.

இந்நோய் அரிதன்று. 2022ஆம் ஆண்டில் உலகெங்கணும் ஏறத்தாழ 14 இலட்சத்து 67 ஆயிரம் ஆடவருக்கு இது புதிதாகக் கண்டறியப்பட்டது; ஏறத்தாழ 3 இலட்சத்து 97 ஆயிரம் பேர் இதனால் இறந்தனர். இவ்விரு தொகைகளையும் ஒருங்கு வைத்து நோக்குக. நோயுற்றோர் தொகைக்கும் மாண்டோர் தொகைக்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு. இந்நோயுள் ஆமைபோல் ஊர்வதும் உண்டு. முயல்போற் பாய்வதும் உண்டு. ஆமையைக் கண்டு முயலென அஞ்சி ஓடுவதும், முயலை ஆமையென எண்ணி உறங்குவதும் ஒருங்கே தவறாகும். எது எதுவென்று பிரித்தறிதலே மருத்துவத்தின் முதற் கடன்.

இழையத்தை நுணுக்குக்காட்டியில் நோக்கி நோயின் கொடுமையைத் தரம் பிரிக்கும் முறையை அமெரிக்கராகிய டொனால்ட் கிளீசன் 1966இல் வகுத்தார். இன்று அது திருத்தம் பெற்று 1 முதல் 5 வரையான தரத் தொகுதிகளாக வழங்குகின்றது. முதற் தொகுதி மிக மெல்லியது. ஐந்தாவது மிகக் கொடியது. தமக்கு இந்நோய் உண்டென அறிந்தவர் மருத்துவரிடம் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி, "எத்தனையாந் தொகுதி?" என்பதே. "எப்போது வெட்டுவது?" என்பது அதற்குப் பின்னர்க் கேட்கவேண்டியது, சிலருக்குக் கேட்கவே வேண்டாதது.

பண்டை முறை யாது? 1904ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனையில் ஹியூ ஹம்டன் யங் என்பார் புற்றுநோய்க்காகச் சுரப்பி முழுவதையும் அகற்றுஞ் சத்திரசிகிச்சையைச் செய்தார். உயிர் காத்த அச்சிகிச்சை நெடுங்காலம் இல்லற வன்மையைப் பலியாகப் பெற்றது. அந்நரம்புகள் ஓடும் வழியை ஆராய்ந்தறிந்து, அவற்றை விலக்கி வெட்டும் முறையை அதே மருத்துவமனையைச் சார்ந்த பற்றிக் வோல்ஷ் 1982இற் கைக்கொண்டார். சத்திரசிகிச்சையோடு கதிர்ச் சிகிச்சையும் வளர்ந்தது. அண்மைக் காலத்தில் இயந்திரக் கரங்களைக் கொண்டு சிறு துளைகளின் வழியே சுரப்பியை அகற்றும் முறையும் பரவியுள்ளது. இங்கே ஒரு மயக்கம் தீர்த்தல் வேண்டும். துளை சிறிதாயிருத்தல் வேறு. உறுப்பை விட்டுவைத்தல் வேறு. இயந்திரக் கரம் சிறு வாயில் வழியே புகுந்தாலும் வீடு முழுவதையுமே எடுத்துச் செல்கின்றது. யாம் கூறவந்த புதிய முறையோ வீட்டை விட்டு, கறையான் பிடித்த மூலையை மட்டும் நாடுவது.

முழுச் சிகிச்சைகளின் பயனையும் விலையையும் அளந்து காட்டிய ஆராய்ச்சி ஒன்று பிரித்தானியாவில் நிகழ்ந்தது. புரொடெக்ட் என்பது அதன் பெயர். தொடக்க நிலை நோயுடைய 1643 ஆடவரை மூன்று கூறாக்கி, ஒரு கூறினரைக் கண்காணித்தும், ஒரு கூறினருக்குச் சத்திரசிகிச்சை செய்தும், ஒரு கூறினருக்குக் கதிர்ச் சிகிச்சை அளித்தும் வந்தனர். பதினைந்தாண்டு முடிவு 2023இல் வெளிவந்தது. இந்நோயால் இறந்தோர் மூன்று கூறிலுஞ் சேர்த்து 45 பேர் மட்டுமே. நூற்றுவருக்கு மூவர் என்னும் அளவினும் குறைவு. மூன்று கூறுகளுக்கிடையே பெரிய வேறுபாடும் இல்லை. ஆயின் கண்காணிப்பிலிருந்தோருள் நூற்றுவருக்கு ஏறத்தாழ 9 பேருக்கு நோய் வேறிடங்களுக்குப் பரவியது. ஏனைய இரு கூறிலும் ஏறத்தாழ 5 பேருக்கே பரவியது. ஆதலின் பொறுத்திருத்தலுக்கும் ஒரு விலை உண்டு.

சிகிச்சையின் விலையோ வேறு வகையானது. சத்திரசிகிச்சைக்கு ஆளானோருள் நூற்றுவருக்கு 46 பேர் ஆறு மாத முடிவிற் சலம் ஒழுகுதற்கு அணைதுணி பயன்படுத்தினர். ஆறாண்டு கழிந்த பின்னும் 17 பேர் பயன்படுத்தினர். தொடக்கத்தில் நூற்றுவருள் 67 பேருக்கு இருந்த இல்லற வன்மை, ஆறு மாதத்திற் சத்திரசிகிச்சை பெற்றோரிடம் 12 ஆகவும், கதிர்ச் சிகிச்சை பெற்றோரிடம் 22 ஆகவும், கண்காணிப்பிலிருந்தோரிடம் 52 ஆகவும் குறைந்தது. இவற்றை அச்சேற்றக் கூசவேண்டியதில்லை. சபையில் அமர்ந்திருக்கும்போது வேட்டி நனையுமோ என்னும் அச்சத்தால் கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் போகாது ஒதுங்கியிருக்கும் ஒரு முதியவரின் துயர் புள்ளிவிவரத்தில் தோன்றாது. ஆயின் அது துயரே.

ஒரு பக்கம் பரவும் அச்சம். மறு பக்கம் சிகிச்சை தரும் ஊனம். இவ்விரண்டிற்கும் நடுவே ஒரு வழி காணும் முயற்சியே படத்தின் துணையால் நோயிடத்தை மட்டும் தாக்குஞ் சிகிச்சை. அதற்கு முதலில் நோயின் இருப்பிடம் தெரியவேண்டும். நெடுங்காலம் அது தெரியவில்லை. பி.எஸ்.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனை, சுரப்பியில் ஏதோ ஒன்று நிகழ்கின்றது என்று மட்டும் சொல்லும். முதுமையால் வரும் சாதாரண வீக்கத்திலும், கிருமி தொற்றியவிடத்தும் அவ்வளவு உயரும். உயர்ந்தவிடத்து ஊசியைச் செலுத்திப் பத்துப் பன்னிரண்டு இடங்களில் இழையம் எடுப்பர். இருட்டறையில் ஊசி தேடுவதை ஒத்தது அது. எம்.ஆர்.ஐ. என்னும் காந்தப் படம் அவ்வறையில் விளக்கேற்றியது. 2017இல் வெளியான பிரித்தானிய ஆராய்ச்சி ஒன்றில் 576 ஆடவர் சோதிக்கப்பட்டனர். கவனிக்கத்தக்க கொடிய புற்றுக்களுள் பழைய ஊசிமுறை நூற்றுக்கு 48ஐ மட்டுமே கண்டது. காந்தப் படமோ 93ஐக் கண்டது. ஏறத்தாழ நான்கிலொரு பங்கினருக்கு ஊசியே வேண்டாது விடலாம் என்பதும் புலனாயிற்று.

இருப்பிடம் தெரிந்தபின் அதனைத் தாக்கும் முறைகள் பல. மிகப் பரவலாக ஆராயப்பட்டது ஒலியைக் கொண்டு செய்வது. செவிக்கெட்டாத உயர் அதிர்வுடைய ஒலியைக் கழியொலி என்பர். கர்ப்பிணிகளுக்கு ஸ்கான் எடுப்பதும் இதனாலேயே. பூதக் கண்ணாடி வெயிலைக் குவித்துக் காய்ந்த சருகை எரிப்பதை நம் மாணவர் அனைவரும் செய்து பார்த்திருப்பர். அவ்வாறே இவ்வொலியை ஒரு புள்ளியிற் குவித்தால், அப்புள்ளியில் வெப்பம் 60 பாகை செல்சியசுக்கு மேல் ஏறி, ஆங்குள்ள கலங்கள் சில கணங்களில் இறக்கும். இடையிலுள்ள இழையம் பெரிதும் தீங்குறாது. நோயாளி மயக்கத்தில் இருக்க, மலக்குடலினுள் வைத்த கருவி ஒலியைச் செலுத்தும். முன்னரே எடுத்த காந்தப் படத்தைத் துணைகொண்டு மருத்துவர் குறி பார்ப்பர். மற்றொரு முறையிற் கருவி சலக்குழாயின் வழியே உட்செல்லும். நோயாளி காந்தப் பொறியினுள்ளேயே கிடப்பர். ஒவ்வோரிடத்தும் வெப்பம் எவ்வளவு ஏறியது என்பதை அப்பொறியே உடனுக்குடன் அளந்து காட்டும். இனி, வெப்பத்துக்கு மாறாக, மெல்லிய ஊசிகளின் வழியே உறைகுளிரைச் செலுத்திக் கலங்களைக் கொல்லும் முறையும் உண்டு. இவற்றுள் எதிலும் வயிற்றைக் கீறுதல் இல்லை; பெரும்பாலோர் அன்றோ மறுநாளோ வீடு திரும்புவர்.

பயன் எத்தகையது? 2018இல் வெளியான பிரித்தானிய அறிக்கை, கழியொலிச் சிகிச்சை பெற்ற 625 பேரை ஆராய்ந்தது. சலக்கட்டுப்பாடு பற்றிய விவரம் கிடைத்தோருள் நூற்றுவருக்கு 98 பேர் அணைதுணி இன்றி இருந்தனர். மேலே கண்ட 46ஐயும் 17ஐயும் இதனோடு ஒப்பிட்டால் முதியோர் உள்ளம் எப்பக்கம் சாயும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. ஆயினும் அவ்விரு ஆராய்ச்சிகளும் ஒருவகைப்பட்ட நோயாளரை ஒரு தராசில் இட்டு நிறுத்தன அல்ல. ஆதலின் ஒப்பீட்டைத் தீர்ப்பாகக் கொள்ளலாகாது. அமெரிக்காவில் நடுத்தர அபாயமுடைய 101 பேருக்குக் காந்தப் படத்தின் துணையோடு செய்த சிகிச்சையின் முடிவு 2022இல் வெளிவந்தது. இரண்டாண்டின் பின் மீண்டும் இழையம் எடுத்துச் சோதித்த 89 பேருள் 78 பேருக்குச் சிகிச்சை செய்த இடத்திற் கவனிக்கத்தக்க புற்று இல்லை.

இவற்றைக் கண்டு, "இனி யாவர்க்கும் இதுவே" என்று பறையறைவாரும் உளர். அவர்க்கு யாம் நான்கு தடை கூறுவோம்.

முதலாவது, இச்சுரப்பியிற் புற்று பெரும்பாலும் ஓரிடத்தில் மட்டும் தோன்றுவதன்று. பெரியது ஒன்றிருக்கச் சிறியன வேறிடங்களில் ஒளிந்திருக்கும். பெரியதே உயிரைக் கொள்வது, சிறியன தீங்கு செய்யா என்பது இப்புதிய முறையினரின் கொள்கை. அது பெரும்பாலும் பொருந்தலாம். எக்காலும் பொருந்தும் என்று உறுதி கூறல் அரிது. காந்தப் படமும் தவறும். நூற்றுக்கு 93ஐக் கண்டது என்னும்போதே ஏழைக் காணவில்லை என்பதும் சொல்லப்பட்டதாயிற்று.

இரண்டாவது, விட்டுவைத்த பகுதியிலோ சிகிச்சை செய்த பகுதியிலோ நோய் மீளக்கூடும். பிரித்தானியாவில் 1379 பேரைத் தொடர்ந்து கண்டு 2022இல் வெளியிட்ட அறிக்கையில், ஏழாண்டு முடிவிற் சிகிச்சை தோல்வியுறாது நின்றோர் நூற்றுவருக்கு 69 பேர். ஏனையோர் நிலை சாவு என்பதன்று. பெரும்பாலும் அவர் வேறு சிகிச்சையை நாட நேர்ந்தது என்பதே. ஆகவே இச்சிகிச்சையோடு கடமை முடிந்ததென எண்ணுதல் கூடாது. இரத்தப் பரிசோதனையும் படமும் வேண்டியவிடத்து ஊசியும் தொடர்தல் வேண்டும். தொடர்ந்து வர மாட்டாதவர்க்கு இவ்வழி ஏற்றதன்று.

மூன்றாவது, பழைய முறைகளுக்குரிய நெடுங்காலச் சான்று இதற்கு இன்னும் இல்லை. 2015இல் அமெரிக்க அரசின் மருந்தாட்சி நிலையம் இக்கழியொலிக் கருவிக்கு அளித்த அனுமதியும், சுரப்பியின் இழையத்தை அழித்தற்கே அளிக்கப்பட்டது. புற்றுநோயைத் தீர்க்கும் என்று அது சான்று பகரவில்லை. ஐரோப்பியச் சலநோய் மருத்துவர் சங்கமும், இச்சிகிச்சையை ஆராய்ச்சிகளுக்குள்ளேயோ முறையாகப் பதிவு வைக்கும் ஏற்பாடுகளுக்குள்ளேயோ அளிக்குமாறு அறிவுறுத்தியுள்ளது. விளம்பரத் தாளில் இவ்வரிகள் சிறிய எழுத்திற் கூட வருதல் அருமை.

நான்காவதே யாம் மிகவும் அஞ்சுவது. சிகிச்சை எளிதாகுந்தோறும் அது வேண்டாதாரையும் அழைக்கும். முதற் தொகுதியைச் சேர்ந்த மெல்லிய நோய்க்குக் கண்காணிப்பே பெரும்பாலும் போதும் என்பது இன்று மருத்துவ உலகம் ஒப்பிய முடிபு. "வெட்டு இல்லை, காயம் இல்லை, ஒரே நாள்" என்று கூறி அவர்களையும் மேசையிற் கிடத்துவது மருத்துவமன்று, வாணிகம். காயம் சிறிது என்பதால் முடிவும் சிறிதாகிவிடாது.

இத்தடைகளைக் கூறினோமேயன்றி, இம்முறையை வேண்டாம் என விலக்கினோம் அல்லோம். வேரோடு களைதலே வீரம் என்னும் பழைய எண்ணத்தை மார்பகப் புற்றுநோயின் வரலாறு பொய்யாக்கியது. மார்பையும் அதன் கீழ்த் தசையையும் ஒருங்கே அறுத்தெறிதல் பல தலைமுறை வரை மறுக்கப்படாத விதியாயிருந்தது. கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்ச் சிகிச்சை அளித்தாலும் ஆயுள் குறைவதில்லை என்பதை அமெரிக்காவில் பேர்னாட் பிஷரும் இத்தாலியில் உம்பேர்த்தோ வெரொனேசியும் ஆராய்ந்து காட்டினர். இருவருடைய இருபதாண்டு முடிவுகளும் 2002இல் வெளிவந்தன. பெண்களுக்குக் கிட்டிய அந்நீதி ஆடவருக்குங் கிட்டுதல் கூடும். ஆயின் அங்கு நீதியை நிலைநாட்டியது ஆர்வமன்று, இருபதாண்டுப் பொறுமை. இங்கும் அதுவே வேண்டும்.

இனி எம்மவர் நிலைக்கு வருவோம். எம் அயலில் வாழும் முதியவர் ஒருவர், ஓய்வுபெற்ற எழுதுவினைஞர். அவருக்கு இந்நோய் கண்டது. "முதற் தொகுதி, கண்காணிக்கலாம்" என மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். வெவ்வேறு தேசங்களிலிருந்த மைந்தர் இருவரும் தொலைபேசியிற் பேசி, உடனே சத்திரசிகிச்சை என்று முடிவு செய்தனர். அன்பினாற் செய்தனர், ஐயமில்லை. தந்தையை எவரும் கேட்டிலர். அவர் அத்தாளை எம்மிடங் கொணர்ந்து பொருள் கேட்டார். சொல்லுக்குச் சொல் விளக்கினோம். மீண்டும் மருத்துவரையே கண்டு கேட்குமாறும் கூறினோம். நெடுநேரம் பேசாதிருந்து, "இதை ஏன் மாஸ்டர் எனக்கு ஒருத்தரும் தமிழிலை சொல்லேல்லை?" என்றார். அவ்வினாவுக்கு எம்மிடம் விடையில்லை. இக்கட்டுரை எழுந்ததும் அவ்வினாவினாலேயே.

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய மருந்து, மருத்துவத்தின் நாற்கூறுகளை எண்ணுமிடத்து நோயுற்றவனையே முதலில் வைக்கின்றது. மருத்துவனும், மருந்தும், உடனிருந்து உதவுவோனும் அவனுக்குப் பின்னரே வருகின்றனர். இம்முறைவைப்பு எதுகைக்காக நேர்ந்ததென யாம் கொள்வதில்லை. நோயாளி அறியாது நோய்க்கு வழி தேர்தல், ஏடு தொடங்காத பிள்ளைக்குச் சோதனை வைத்தலை ஒக்கும்.

ஆகவே பழைய மாணவராகிய அன்பர்க்கு யாம் விடுக்கும் வேண்டுகோள் இது. ஐம்பது கடந்தவர், தந்தைக்கோ தமையன் தம்பியர்க்கோ இந்நோய் இருந்ததாயின் அதற்கு முன்னரே, மருத்துவரிடம் இதனைப் பற்றி வாய்திறந்து கேளுங்கள். தொடக்க நிலையில் இந்நோய் பெரும்பாலும் எக்குறியும் காட்டாது. மறுபுறம், இரவில் அடிக்கடி சலம் போதல் பெரும்பாலும் புற்றினால் அன்று, சாதாரண வீக்கத்தினாலேயே. நோய் உண்டென அறிந்தாலும் அஞ்சி ஓடாதீர்கள். தொடக்க நிலையாயின் ஆலோசிக்கப் போதிய காலம் உண்டு. தொகுதி எது, படம் என் சொல்கிறது, நோய் ஒரு பக்கமா இரு பக்கமா, கண்காணித்தால் என் வரும், சிகிச்சை செய்தால் என் போகும் என ஒவ்வொன்றாக வினவுங்கள். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழ்வோர், புதிய சிகிச்சையைச் சொல்லும் மருத்துவரிடம், எத்தனை பேருக்குச் செய்தீர், எத்தனை ஆண்டு தொடர்ந்து கண்டீர், மீண்டும் வந்தால் என் செய்வீர் என்னும் மூன்றையும் கேட்கத் தவறாதீர்கள். நேர்மையான மருத்துவர் இவ்வினாக்களை விரும்புவர்.

இன்று வகுப்பிலிருக்கும் மாணவருக்கும் ஒரு சொல். உம்முள் மருத்துவராய் வருவோர் பலர். ஆங்கிலத்திற் கற்பீர், கற்கவேண்டும். கற்றதை ஒரு கிழவனாருக்கு அவர் மொழியில், அவர் நாணம் கெடாதபடி, அரை நாழிகை அமர்ந்து சொல்லவும் பழகுங்கள். கழியொலியும் காந்தப் படமும் நோயின் இருப்பிடத்தைக் காட்டும். நோயாளியின் உள்ளக்கருத்தைக் காட்டும் பொறி இன்னும் செய்யப்படவில்லை. அதனைக் கேட்டே அறிதல் வேண்டும்.

நோயை அதன் அளவறிந்து தீர்ப்பதே நன்று. அளவுக்கு மிஞ்சிய சிகிச்சையும் ஒரு நோயே. அவ்வளவை அறிவதில் நோயாளிக்கும் பங்குண்டு என்பது எமது துணிபு. இவ்விழாக் காணும் பெரியோர் யாவரும் நோயின்றி நீடு வாழ்க. நோய் வந்தவிடத்தும் தெளிந்து தேரும் அறிவோடு வாழ்க.